அந்தானை மழை

காற்றும் இன்றி, இடியும் இன்றி, மண்ணை நனைத்தும் நனைக்காமலும், காலையில் தொடங்கி விளக்கு வைக்கும் வரையில் விடாமல் தூவிக்கொண்டிருக்கும் மழை ஒன்று உண்டல்லவா? அதற்கு நம் அன்னையார் இட்டிருந்த பெயர் 'அந்தானை மழை'. முசிறிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் அத்தகைய மழை ஆண்டுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பெய்தால் அதிகம். பெய்கின்ற அன்று அவர் திண்ணையில் அமர்ந்து, "இது அந்தானை மழை, இன்னிக்கு விடாது" என்று சொல்லிவிட்டு, வேறொன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாம் கல்லூரியில் தமிழ் கற்பித்துப் பிழைப்பவராதலால், அச்சொல்லை எளிதில் விட்டுவிட முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியைப் புரட்டினோம், அகப்படவில்லை. அகராதி கைவிட்ட சொல்லுக்கு ஆசிரியன் பொருள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்ற துணிச்சலில், "அந்தம் என்றால் முடிவு, அந்தம் ஆகாத மழை அந்தானை மழை" என்று வகுப்பில் ஒருநாள் விளக்கம் கூறிவிட்டோம். மாணவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் நம் பெயரோடு அதைச் சேர்த்தும் விட்டாள். அந்த அடிக்குறிப்புக்குப் பிராயச்சித்தமாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம் என்று வாசகர்கள் கொள்ளலாம்.

அன்னையார் கண்டிச் சீமையிலிருந்து வந்தவர். நம் பக்கத்துக் கிராமங்களில் இலங்கையின் மலைநாடு முழுவதற்குமே கண்டிச் சீமை என்றுதான் பெயர். நுவரெலியாவும் கண்டிதான், பதுளையும் கண்டிதான். 1972இல், பதினேழு வயதில், தம் தந்தையாரோடு கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, முன்னோர் ஊரான முசிறிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். ஊரார் அவரைக் 'கண்டிக்காரி' என்றார்கள். ரயிலைக் 'கோச்சி' என்றும், அறையைக் 'காம்பரா' என்றும், தேநீரைத் 'தேத்தண்ணி' என்றும் அவர் சொல்லும்போதெல்லாம் கிணற்றடியில் சிரிப்பு எழுமாம். ஆகவே ஒவ்வொரு சொல்லாக அவர் விட்டுவிட்டார். சொற்களோடு அந்த நாட்டின் கதைகளும் போயின. இரண்டே இரண்டு மட்டும் எப்படியோ தங்கிவிட்டன. ஒன்று, அந்தானை மழை. மற்றொன்று, நாம் வீட்டுப் பாடத்தைப் பாதியில் விட்டு எழுந்தால் அவர் சொல்லும் வசை: "அரைப் பேர்தான் போட்டிருக்கே!"

அன்னையார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அவர் பிறந்த சீமையைக் காணும் வேட்கையோடு இலங்கைக்குப் புறப்பட்டோம் என்று எழுதினால் பெருமையாக இருக்கும், உண்மை அதுவன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கவேண்டும் என்பது நமது நெடுநாளைய ஆசை. பேராசிரியர் கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் தமிழ் போதித்த இடம் அல்லவா? கோடை விடுமுறையின் கடைசி வாரம் அதற்கு வாய்த்தது. மூத்த பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு. பிள்ளையின் தாயாருக்குப் பிள்ளையின் தேர்வு. ஆகவே தனியே புறப்பட்டோம். நாற்பதைக் கடந்த பின் முதன்முறையாகத் தனிப் பயணம். பெட்டியில் எதை வைப்பது என்பதுகூடத் தெரியாமல் இரண்டு குடைகளை எடுத்துக்கொண்டோம்.

திருச்சியிலிருந்து கொழும்பு, விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான். நம் முன்னோர்கள் சென்ற வழி இத்தனை சுலபமானதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளின் பின்னே, தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரையில் கால்நடையாகவே சென்றார்கள். வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானவர்கள் பலர். பிற்காலத்தில் ரயிலும் கப்பலும் வந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிற்று. 1980களில் அதுவும் நின்றது.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் கண்டி வண்டியைப் பிடித்தோம். றம்புக்கணை வரையில் தென்னையும் வயலுமாகச் சென்ற வண்டி, அதன் பின் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறத் தொடங்குகிறது. சுரங்கங்கள், ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் அதலபாதாளம். கடுகண்ணாவை கடந்ததும் காற்றில் ஈரம் ஏறிவிடுகிறது. பேராதனையைப் பற்றி இங்கே விரித்தெழுதப் போவதில்லை. 1942இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் மகாவலி கங்கைக் கரையிலுள்ள இவ்விடத்துக்கு வந்தது. மாணவர் மரத்தடியில் அமர்ந்து படிப்பதைக் கண்டு நம் கல்லூரியின் தகரக் கொட்டகையை நினைத்துப் பெருமூச்செறிந்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். வளாகத்துக்குப் பின்னால் நீண்டதொரு மலைத்தொடர், முகில் மூடிக் கிடந்தது. அதன் பெயரைக் கேட்கவேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

கண்டி நகரில் தலதா மாளிகையைத் தரிசித்துக் குளக்கரையில் நடந்தோம். அக்குளத்தை வெட்டுவித்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழிவந்தவன். 1815இல் முடியிழந்து, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832இல் அங்கேயே மாண்டான். பாலாற்றங்கரையில் அவன் சமாதியை நாம் முன்பே கண்டதுண்டு. நம் ஊரார் கண்டிக்கும், கண்டியார் நம் ஊருக்குமாக இப்படிப் போய்வந்திருக்கிறார்களே என்று எண்ணி, அதை ஒரு கட்டுரையாக்கலாமா என்று யோசித்தபடியே அறைக்குத் திரும்பினோம். எழுதுகிறவனின் புத்தி அப்படி.

மறுநாட் காலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அருகில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருப்பதாக விடுதிக்காரர் சொன்னார். ஹந்தானை என்ற இடமாம். வீதியில் மும்மொழிப் பலகையிலும் அப்பெயரைக் கண்டோம்; கண்டும் ஒன்றும் தோன்றவில்லை. முச்சக்கர வண்டி ஒன்றை நிறுத்தினோம். ஓட்டுநர் தமிழர், முப்பது வயது இருக்கலாம்.

"எங்க போகணும் சேர்?"

"ஹந்தானை. தேயிலை அருங்காட்சியகம்."

"அந்தானை பழைய ஸ்டோரா? ஏறுங்க சேர்."

ஒரு காலைப் படியில் வைத்தவாறே நின்றுவிட்டோம். வடமொழி ஹகரம் தமிழில் கெடும், ஹனுமான் அனுமனாவான் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிற வாய் இது. கண் முன்னே பலகையில் எழுதியிருந்த ஓர் ஊர்ப் பெயரில் அந்த விதியைப் பொருத்திப் பார்க்க நமக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதாகப் பிறகு சொன்ன அவ்விளைஞர் ஒரு நொடியில் பொருத்திவிட்டார்.

"என்ன பெயர் சொன்னீர்கள்?" என்று மீண்டும் கேட்டோம்.

"அந்தானை சேர். அந்தானைத் தோட்டம். நாம பொறந்த எடம்."

நகரத்து ஆஸ்பத்திரியைக் கடந்ததும் பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கிற்று. வீடுகள் குறைந்து தேயிலைச் சரிவுகள் தோன்றின. சில சரிவுகள் நன்கு கவ்வாத்து வெட்டிய செடிகளோடு மேசை விரிப்புப் போல இருந்தன. சிலவற்றில் தேயிலை காடாகி, மானாப் புல் ஆளுயரம் நின்றது. மேலே சவுக்குப் போல ஊசியிலை மரங்கள். அதற்கும் மேலே, நேற்றுப் பேராதனையில் பெயர் கேட்காமல் விட்ட அதே மலைத்தொடர்! ஏழு சிகரங்கள் என்றார் ஓட்டுநர். முகில் இரண்டைத்தான் காட்டிற்று. 2010இல் இம்மலையைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அரசு அறிவித்தது. பாதி வழியில் தூறத் தொடங்கியது. காற்றில்லை, இடியில்லை. கையை வெளியே நீட்டிப் பார்த்தோம். நனைந்தது போலவும் இருந்தது, நனையாதது போலவும் இருந்தது.

அருங்காட்சியகம் 1925இல் கட்டிய நான்கு தட்டுத் தேயிலை ஆலை. தோட்டத்தார் வழக்கில் 'ஸ்டோர்'. கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் ஆகிய வேலைகளுக்கான பழைய இயந்திரங்கள் எண்ணெய் மினுக்கோடு நிற்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லரின் பொருள்களும் அங்கு உள்ளன. அவர் நல்ல நேரத்தில்தான் பயிரிட்டார். 1869இல் காப்பி இலையில் செந்துரு நோய் கண்டு, அடுத்த இருபதாண்டுகளுக்குள் இலங்கைக் காப்பியே அழிந்துபோயிற்று. துரைமார் காப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள். காப்பிக்குப் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் வந்தால் போதும். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். ஆகவே வந்து போய்க்கொண்டிருந்த கூலிகள் குடும்பத்தோடு தங்கிவிட நேர்ந்தது. மலையகத் தமிழர் என்றொரு மக்கள் கூட்டம் உண்டானதற்கு ஓர் இலை நோயும் காரணம் என்பது மாணவர்கள் கவனிக்கத் தக்கது.

கீழே இறங்கியதும் ஓட்டுநரிடம் நம் அன்னையாரைப் பற்றிச் சொன்னோம். அவர் சிறிதும் வியப்படையவில்லை. "அப்படியாப்பட்டவங்க நெறையப் பேர் வருவாங்க சேர். எங்க ஆத்தாகிட்ட போவோம். அதுக்கு எழுவத்தெட்டு வயசு. பழைய கதையெல்லாம் தெரியும்" என்று, ஸ்டோருக்குச் சற்றுத் தள்ளியிருந்த லயத்துக்கு அழைத்துச் சென்றார்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள். கூரை தகரம், வாயிலில் சிறு திண்ணை, திண்ணையோரம் ஒரு செம்பரத்தை. அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது தோட்டத்தில் வேலை செய்வதில்லையாம். நகரத்துக் கடைகளுக்குப் போய்வருகிறார்கள். மூதாட்டியார் போர்வையைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். தேத்தண்ணீர் வந்தது, உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியோடு. நம் அன்னையார் தேநீர் அருந்திய விதமும் அதுவே; சர்க்கரைக்குச் செலவாகுமென்று அப்படிச் செய்கிறார் என எண்ணியிருந்தோம்.

"எந்த ஊருங்க தம்பி?"

"திருச்சிப் பக்கம், அம்மா."

"துறையூரா, முசிறியா?" கடலைக் காணாதவர், நம் தாலுகாக்களை வரிசையாகச் சொன்னார்.

அன்னையாரின் பெயரைச் சொன்னோம். அவருக்கு நினைவு வரவில்லை. அந்தப் பெயரில் தோட்டத்தில் ஐந்தாறு பேர் இருந்தார்களாம். பாட்டனாரின் பெயரும் பயன்படவில்லை. அவரைப் பற்றி வேறு என்ன தெரியும் என்று கேட்டார். நமக்கு ஐந்து வயதாகும்போது அவர் காலமானார். நமக்கு எஞ்சியிருந்தது அவருடைய வலக்கை ஒன்றே: உள்ளங்கை தீய்ந்து, இரு விரல்கள் நிமிராமல் மடங்கியிருக்கும். அதைச் சொன்னோம்.

மூதாட்டியார் கோப்பையைக் கீழே வைத்தார். "ஸ்டோர்ல அடுப்புக்கு வெறகு போட்டாரே, அவரா? அடுப்படிக்காரர் மகளோட மகனா நீங்க?" என்றார். பிறகு, "எந்த மக? பெரியவளா, சின்னவளா?"

இருவர் உண்டு என்பதே நமக்குத் தெரியாது.

அதன் பின் அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறோம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்து, 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் இருநாடும் சரிபாதியாகப் பங்கிட்டன. இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளவை. நூல்களில் இல்லாதது இது: குடும்பத்தில் யார் எந்தத் தாளில் கைநாட்டு வைப்பது என்பதை இரவில், காம்பராவுக்குள், மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து தீர்மானித்தார்கள். அடுப்படிக்காரர் இந்தியாவுக்கு எழுதினார். அவருடைய பெரிய மகளை மணந்தவர் இலங்கைக்கு எழுதினார். அன்றுமுதல் மாமனாரும் மருமகனும் பேசவில்லை. பாஸ்போர்ட்டு வந்தது. சின்னவள் தகப்பனோடு போகவேண்டியவளானாள்.

"அந்தக் கோச்சிக்கு நாங்க ஒப்பாரிக் கோச்சின்னுதான் பேர் வச்சிருந்தோம்," என்றார் மூதாட்டியார். "தலைமன்னாருக்குப் போற கோச்சி. வழியனுப்பப் போறவங்க எல்லாம் ஸ்டேசன்ல ஒப்பாரி வைப்பாங்க. நானும் போனேன். பெரியவ வரல்ல. புருசன் விடல்ல. கைப்புள்ளைய புள்ளக் காம்பராவுல போட்டுட்டுக் கொழுந்தெடுக்கப் போய்ட்டா. ஆனா மத்தியானம் கூடைய எறக்கி வச்சுட்டு, மேல் மலையில போய் நின்னாளாம், கோச்சிச் சத்தம் கேக்குற வரைக்கும். கங்காணி அன்னைக்கு அவளுக்கு அரைப் பேர்தான் போட்டாரு."

ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பாதியில் விட்டவருக்கு அரைப் பேர், அதாவது அரைக் கூலி. அந்த வசவின் பொருள் நமக்கு முதன்முறையாக விளங்கிற்று. அக்காள் மலையில் நின்றது தங்கைக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்க வழியில்லை. வரவில்லையே என்ற எண்ணத்தோடுதான் அவர் வண்டியேறியிருப்பார். சில கடிதங்கள் வந்து போயின என்றும், 1977 கலவரத்தில் பெரியவளின் குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனபின் அதுவும் நின்றது என்றும் மூதாட்டியார் சொன்னார். நம் வீட்டில் ஒரு கடிதத்தையும் நாம் கண்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரின் பெட்டியில் கடிதம் இருக்கும் என்று யார் தேடுவார்கள்?

மழை விட்டபாடில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "இதைத்தானே அந்தானை மழை என்பீர்கள்?" என்று கேட்டோம். மூதாட்டியார் பொக்கைவாய் தெரியச் சிரித்துவிட்டார். பேரனும் சிரித்தார்.

"இங்க யாரு தம்பி அப்படிச் சொல்லுவா? மழைன்னுதான் சொல்லுவோம்."

நாம் மறுமொழி கூறாமல் அமர்ந்திருந்தோம். இதற்குள் பேரன் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து வந்தார். தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தந்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. மூதாட்டியார் விரலால் தடவி ஒரு வரியில் நிறுத்தச் சொன்னார். பெரியவளின் மகள், அன்று பிள்ளைக் காம்பராவில் கிடந்த குழந்தை, வவுனியாவிலிருந்து எப்போதாவது திருவிழாவுக்கு வருவதுண்டாம்.

பேரனே எண்ணை அழுத்தி நம் கையில் கொடுத்தார். மேடையில் ஒரு மணி நேரம் குறிப்பின்றிப் பேசக்கூடிய நமக்கு அப்போது ஒரு சொல்லும் வரவில்லை.

"யாரு பேசுறது?"

"அக்கா, நான் உங்கள் சின்னம்மா மகன். முசிறியிலிருந்து... இல்லை, அந்தானையிலிருந்து பேசுகிறேன்."

நெடுநேரம் பதில் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பேரனைப் பார்த்தோம்.

"சின்னம்மா இருக்காங்களா தம்பி?"

மூன்றாண்டு ஆயிற்று என்றோம். தம் அன்னையார் போய்ப் பதினொரு வருடம் என்றார் அக்காள். பிறகு இருவரும் பேசவில்லை. லயத்தின் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்கும் கேட்டிருக்கவேண்டும்.

"அங்க என்ன சத்தம், மழையா?"

"தூறல்தான் அக்கா. காலையிலிருந்து விடவில்லை."

"அந்தானை மழையா?" என்றார் அக்காள். "எங்கம்மா சொல்லுவாங்க. இங்க மார்கழியில என்னைக்காவது ஒரு நாளைக்குப் பெய்யும்."

திரும்பும் வழியில் அருங்காட்சியகத்துக்குள் மறுபடியும் சென்றோம். மூடும் நேரம் என்றார்கள். ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, உலர்த்தும் இயந்திரத்தின் அருகே நின்றோம். காலையில் அதை நாம் சரியாகப் பார்க்கவில்லை. இரும்பு குளிர்ந்திருந்தது.

விமானச் சீட்டு மறுநாளைக்கு. வவுனியாவுக்கு வரும் டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு வருவதாக அக்காளிடம் சொல்லியிருக்கிறோம். குளிருக்குக் கம்பளி வேண்டியதில்லை, வன்னியில் அந்தக் குளிர் இல்லை என்று அவர் சிரித்தார். ஊருக்கு வந்ததும் அந்த மாணவிக்கு விவரத்தை எழுதினோம். அடிக்குறிப்பைத் திருத்த இனி வழியில்லையாம். பட்டமளிப்பு முடிந்து, ஆய்வேடும் கட்டடம் செய்யப்பெற்று நூலகத்தில் ஏறிவிட்டது.